மண்திரளா, பொருக்கா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
திங்களன்று கோத்தகிரியில் காய்கறி விவசாயிகளுக்கு வகுப்பு. கையேடு ஒரு சொல்லில் நிற்கிறது. களியும், இலைதழை மக்கி உண்டாகும் மட்கும், பூஞ்சை இழையும், வேரும் மண்துகள்களைச் சிறு உருண்டைகளாகப் பிணைத்து வைத்திருக்கும். அவை மழைத்துளி பட்டு உடைந்தால் நுண்துகள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நீர் இறங்காமல் சரிவில் ஓடும். கேரட் வயலின் மேல்மண் கீழேயுள்ள அணையில் போய் வண்டலாகப் படியும். ஆங்கிலத்தில் அக்ரிகேட் என்னும் இந்த உருண்டைக்கு என்ன சொல்ல? 'கட்டி' என்றால் உழும்போது பெயர்வதைத்தான் நினைப்பார்கள்.

—
பொருக்கு. பொருந்து, பொருத்து என்பவற்றின் அடியே இதற்கும் அடி என்பது என் துணிபு. துகளோடு துகள் பொருந்தியது பொருக்கு. இதைவிடத் தமிழாக ஒரு சொல் கிடைக்காது.

—
ஐயா, பொரு என்றால் போரிடுதலும்தானே? பொருநன் அங்கிருந்து வந்தவன். வேர் எதுவாயினும், புண் ஆறி உதிர்வதைத்தான் மக்கள் பொருக்கு என்கிறார்கள். மழைக்குப் பின் வயலில் ஏடாகக் காயும் மேல்மண்ணுக்கு அந்தச் சொல் வேண்டும். உருண்டை உடைந்து உண்டாவதே அந்த ஏடு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வகுப்பில் என்ன விளங்கும்?

—
'மண்திரள்' போதும். ஆனால் நன்னூல்படி மட்டிரள்.

—
மட்டிரள் என்றால் மட்டி என்றே கண் படிக்கும். புணர்ச்சிக்காகப் பொருளை இழக்க வேண்டாம்.

—
யாழ்ப்பாணத்திலிருந்து: படிவதை வண்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். களிக்கும் மணலுக்கும் இடைப்பட்ட துகளுக்கும் அதே சொல்தானே? நாங்கள் அடையற்பாறை என்று படித்தவர்கள். அடையல் என்று வையுங்கோ.

—
'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' குறளை யாரும் எடுக்கவில்லையே! ஒரு பலம் எடையுள்ள புழுதி கால் பலமாகக் காயவேண்டும் என்கிறார். அங்கே புழுதி என்பது தெருத்தூசி அன்று, உழுத மண். புழுதி உழவு என்று இன்றும் சொல்கிறோம். 'புழுதிமணி' எனலாமே?

—
அம்மா, குறள் நல்ல நினைவூட்டல். ஆனால் நீலகிரிச் சரிவில் புழுதியாக உழுது போட்டால் அடுத்த மழையில் மண் தங்காது. அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோக எனக்கு அச்சம்.

நாளை காலை அச்சு. 'மண்திரள்' என்றும் 'அடையல்' என்றும் எழுதிவிட்டேன். வகுப்பில் இரண்டு குவளை நீரில் காய்ந்த உருண்டைகளை இடப்போகிறேன். மட்கு குறைந்தது, உள்ளே சிக்கிய காற்று வெடித்து உடனே கரையும். தொழுவுரம் தின்ற மண் நெடுநேரம் நிற்கும். பார்த்தபின் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ, அதைக் குறித்து வருகிறேன்.

—
குறித்து வாருங்கள். அச்சுக்கு ஒப்புகிறேன், சொல்லுக்கு இல்லை. கூட்டமும் திரள்தான், குவியலும் திரள்தான். பிணைப்பு அதில் எங்கே இருக்கிறது? அடுத்த பதிப்பில் பொருக்கை மறுபடி கேட்பேன்.