தபால் ஸ்ட்ரைக்கில் உங்கள் பார்சல் எங்கே நின்றது?

சலங்கை அம்மா (ஸ்கார்பரோ):
2025 நவம்பர் 21ஆம் திகதி, இந்த நாட்டுத் தபால் நிறுவனமான கனடா போஸ்டும் தபால்காரர்களின் தொழிற்சங்கமும் புது ஒப்பந்தத்துக்குக் கொள்கையளவில் உடன்பட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்ததில் இருந்து எங்கள் வீட்டில் மறுபடி ஆன்லைன் சாமான் பற்றிய கதை தொடங்கிவிட்டது. சரி, இரண்டு வருடமாக இந்த இழுபறியில் அவரவர் பட்டதை இங்கே எழுதுவோமா? நான் தொடங்குகிறேன்.

2024 ஒக்ரோபர் கடைசியில் மகளுக்குச் சலங்கையும் நெற்றிச்சுட்டியும் சென்னையில் ஒரு கடையில் ஆர்டர் பண்ணினேன். டிசம்பர் 21 நடனப் பள்ளி ஆண்டு நிகழ்ச்சி. ஏழு வாரம் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன அவகாசம் வேண்டும் என்று நினைத்தேன். நவம்பர் 12 பார்சல் கனடாவுக்குள் வந்துவிட்டது, ட்ராக்கிங்கில் பச்சையாகக் காட்டியது. 15ஆம் திகதி ஸ்ட்ரைக். அதன் பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தப் பக்கத்தில் ஒரே வரி. காலையில் தேத்தண்ணி வைக்கும்போது ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம் திறந்து பார்ப்பேன், ஏதோ நான் பார்த்தால் அது நகர்ந்துவிடும் என்பது போல.

இதில் எனக்கு எரிச்சல் தந்த விஷயம் வேறு. பக்கத்து வீட்டு வாசலில் தினமும் பழுப்புப் பெட்டி வந்து இறங்குகிறது. பெரிய ஆன்லைன் கடைகளுக்குச் சொந்த வான் இருக்கிறதே. அந்த வீட்டு அக்காவிடம் ஸ்ட்ரைக் பற்றிச் சொன்னால் "எந்த ஸ்ட்ரைக்?" என்று கேட்கிறார்! இந்தியாவில் சாதாரணத் தபாலில் போட்டது இங்கே வந்ததும் கனடா போஸ்ட் கைக்குத்தான் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வாங்கும்போது விலை பார்த்தேன், மணியின் ஓசை எப்படி என்று வீடியோ கேட்டு வாங்கினேன், யார் கொண்டுவந்து தருவார் என்று மட்டும் பார்க்கவில்லை.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பெரிய பிள்ளையின் சலங்கையை இரவல் வாங்கினோம். காலுக்குப் பெரிது. பழைய பருத்திச் சீலையைக் கிழித்து உள்ளே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டேன். ஜதி நடுவில் துணி நுனி வெளியே எட்டிப் பார்த்தது, வீடியோவில் இன்றைக்கும் தெரியும். எங்கள் பார்சல் ஜனவரி இரண்டாம் கிழமை வந்தது.

மிசிசாகா மச்சி:
அக்கா, உங்களுக்காவது ஒரு காரணம் தெரிந்தது. நான் கொஞ்சம் புத்திசாலித்தனமாக, ஸ்ட்ரைக் வரும் என்று தெரிந்ததும், தனியார் கூரியரில் அனுப்பச் சொல்லி 19 டாலர் கூடுதலாகக் கட்டினேன். லேப்டாப் சார்ஜர், வேறொன்றுமில்லை. வேலை வீட்டிலிருந்துதான். சோஃபாவில் உட்கார்ந்திருக்கிறேன், சன்னல் வழியாகத் தெரு தெரிகிறது, போனில் செய்தி வருகிறது: வந்தோம், வீட்டில் ஆள் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் வாசலில் சீட்டுகூட இல்லை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் அவர்கள் டிப்போவுக்கே போனேன். கட்டடத்தைச் சுற்றி வரிசை, கையுறைக்குள் விரல் மரத்துப் போகும் குளிர், முன்னால் நின்ற பாட்டி கையில் ஆறு சீட்டு. ஒன்றரை மணி நேரம். உள்ளே போனால் கவுண்டரில் இருந்த பையன் பாவம், கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறான். வழக்கத்தை விட எத்தனை மடங்கு வருகிறது என்று கேட்டேன், பதில் சொல்லாமல் கதவைத் திறந்து காட்டினான். கூரை வரைக்கும் பெட்டி. திட்ட வந்தவன் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன்.

வளையல் வீடு (பிராம்ப்டன்):
வாங்குகிறவர்கள் பக்கமே எல்லோரும் எழுதுகிறீர்கள், விற்கிறவள் பக்கத்தையும் கேளுங்கள். வீட்டில் பட்டு நூல் வளையல் செய்து ஆன்லைனில் விற்கிறேன். வருடத்தில் எனக்கு சீசன் என்றால் நவராத்திரி முதல் தீபாவளி வரை. 2025ல் நவராத்திரி செப்டம்பர் 22 ஆரம்பம். அதற்கு முன்பே ஒரு அடி: ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா 800 டாலருக்குக் கீழே உள்ள பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது, என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நியூஜெர்சி, டெக்சஸ். சரி, கனடாவுக்குள் விற்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தால், செப்டம்பர் 25 மதியம் அரசாங்கம் அறிவிக்கிறது: இன்னும் வீட்டு வாசலுக்கே தபால் போகும் 40 லட்சம் முகவரிகளைத் தெருமுனைப் பெட்டிக்கு மாற்றப் போகிறார்களாம், கிராமத் தபால் நிலையங்களை மூடக்கூடாது என்று 1994லிருந்து இருந்த தடையும் போகிறதாம். அன்று இரவே நாடு முழுக்க ஸ்ட்ரைக்.

அப்போது என் சாப்பாட்டு மேசையில் 43 உறை ஒட்டி, முகவரி எழுதி, தயாராக இருக்கிறது. என் வளையல் செட் 28 டாலர். வெள்ளைக்குதிரை ஊர் என்று நானே பெயர் வைத்திருக்கும், தூர வடக்கில் உள்ள வைட்ஹார்ஸில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், அவருக்குக் கூரியரில் அனுப்ப 31 டாலர் கேட்டார்கள். வளையலை விட வண்டிக்கூலி அதிகம். தபாலில் எந்த மூலைக்கு அனுப்பினாலும் கட்டுப்படியாகும் என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் கடையே வைக்க முடிந்தது. பெரிய கடைக்கு ஸ்ட்ரைக் என்றால் வேறு கதவு திறக்கிறது, எனக்கு இருந்ததே ஒரு கதவு. பக்கத்து ஊர் ஆர்டர்களைக் கணவர் காரில் கொண்டுபோய்க் கொடுத்தார், 17 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். ஒருவர் மட்டும் "தீபாவளிக்கு வேண்டாம், பொங்கலுக்கு வந்தால் போதும்" என்று எழுதினார். அவருக்கு ஒரு ஜோடி சும்மா சேர்த்து அனுப்பினேன்.

இதைச் சொல்லத்தான் வேண்டும்: வேறு கடைக்குப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. தபால்காரர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அதை வைத்து நூல் வாங்க முடியாது.

வடக்குவாசி:
நான் வட ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். இங்கே வீட்டுக்கு எதுவும் வராது, தபால் நிலையத்தில் ஒரு பெட்டி எண், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் பழுப்பு வான் இங்கே இல்லை. பெரிய கடைகளே கடைசித் தூரத்தைத் தபாலிடம்தான் ஒப்படைக்கும். எனவே ஸ்ட்ரைக் என்றால் எங்களுக்கு ஆன்லைன் என்பதே மூடிவிட்டது என்று அர்த்தம். 2024 நவம்பரில் பையனுக்கு ஆர்டர் பண்ணிய பனி பூட்ஸ் வரவில்லை, பழையது பெருவிரலில் முட்டுகிறது. பள்ளியில் யாரோ விட்டுப்போன பொருள்களுக்கென்று ஒரு பெட்டி இருக்கும், டீச்சரே அதிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். அளவு சரியாக இருந்தது. அவன் அதைத்தான் மார்ச் வரை போட்டான், புதியது வந்த பிறகும்!

இன்னொன்று. இங்கே யாரும் ஸ்ட்ரைக் செய்தவர்களைத் திட்டவில்லை. தபால் நிலையத்தில் இருப்பவர் ஒருவர்தான், அவர் பிள்ளையும் அதே வகுப்பு.

குடிமகன்_77:
எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறீர்கள். பண்டிகை வரும்போது பார்த்து ஸ்ட்ரைக் பண்ணுவது பிடித்து வைத்து மிரட்டுவதுதானே? 2018லும் அக்டோபர், நவம்பர். 2024லும் நவம்பர். இதில் எங்கள் வரிப்பணம் வேறு. 2024 ஸ்ட்ரைக்கில் தபாலில் மாட்டிவிடும் என்று அரசாங்கம் அனுப்பாமல் நிறுத்தி வைத்த 85,000 பாஸ்போர்ட்டில் என் மகளுடையதும் ஒன்று. டிக்கெட்டை மாற்ற 400 டாலர்.

நடைத்தபால்:
நான் தபால்காரன், 11 வருடம். வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று பார்த்தேன், ஆகவில்லை.

வரிப்பணம்: தினசரி ஓட்டம் தபால்தலை, பார்சல் காசில்தான், 1981ல் தனி நிறுவனமாக்கிய நாளில் இருந்தே ஏற்பாடு அப்படித்தான். ஆனால் 2025 ஜனவரியில் அரசாங்கம் 100 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்ததும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். கம்பெனிக்கு 2018 முதல் வருடா வருடம் நட்டம். 2019ல் நாட்டின் பார்சலில் 62 சதவீதம் எங்கள் கையில், 2023ல் 29. நீங்கள் எல்லோரும் எழுதியிருக்கும் கதைதான் அந்தக் கணக்கு.

பண்டிகை பார்த்து என்றால், ஆமாம். யாருக்கும் வலிக்காத பிப்ரவரியில் நிறுத்தினால் யார் பேச வருவார்கள்? இதை இவ்வளவு நேராகச் சொல்வதற்கு எங்கள் சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள். சண்டையின் முள் வார இறுதிப் பார்சலில் இருந்தது: சனி ஞாயிறு டெலிவரி வேண்டும் என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது, அதைப் பகுதிநேர ஆட்களை வைத்துச் செய்வதா, முழுநேர வேலையாக உருவாக்குவதா என்பதில்தான் முட்டல். அப்புறம் கணினியை வைத்துத் தினமும் ரூட்டை மாற்றும் முறை. ஒரே தெருவில் 11 வருடம் நடந்தவனுக்கு எந்த வீட்டில் நாய், எந்தப் படி ஆடும், எந்தப் பாட்டி கதவு திறக்க நேரமாகும் என்று தெரியும், கணினிக்கு அது தெரியாது. 2025 கோடையில் கம்பெனியின் கடைசிப் பேரத்தை அரசாங்கம் வாக்கெடுப்புக்கு விட்டபோது கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் வேண்டாம் என்று போட்டோம்.

சிலர் கேட்பார்கள், பியூரோலேட்டர் கூரியரும் உங்கள் கம்பெனிதானே, அது மட்டும் எப்படி ஓடுகிறது என்று. பெரும்பங்கு கனடா போஸ்டுடையதுதான், ஆனால் தனி நிறுவனம், தனிச் சங்கம்.

சலங்கை அக்காவுக்கு ஒரு பதில். ஸ்ட்ரைக் நடக்கும்போது உள்ளே மாட்டிய பார்சலை யாரும் தொடுவதில்லை, அப்படியே பூட்டி வைத்திருப்பது. 2024 டிசம்பர் 17 நாங்கள் திரும்பி வந்தபோது (நாங்களாக வரவில்லை, அமைச்சர் தொழிலாளர் வாரியத்தைக் கொண்டு போகச் சொன்னார்) கூண்டு வண்டிகளுக்கு நடுவே நடக்கவே இடமில்லை. முதலில் வந்தது முதலில் போகும் என்பது விதி, ஆனால் முதலில் வந்தது அடியில் கிடக்கும். வெளிநாட்டுத் தபாலை 23ஆம் தேதி வரை புதிதாக ஏற்கவே இல்லை. அரசாங்க உதவித்தொகை செக்குகளை மட்டும் ஸ்ட்ரைக் நேரத்திலும் கொண்டுபோய்க் கொடுத்தோம், அதையும் யாராவது எழுதுங்கள்.

இன்னொரு கதை, சிரிக்காதீர்கள். மறியலில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு, முள்ளுத்தாடியில் பனி ஒட்ட வீட்டுக்கு வருகிறேன், வாசலில் தனியார் வான். மனைவி டயபர் ஆர்டர் பண்ணியிருக்கிறாள். அந்தப் பையன் என் சங்க அட்டையைப் பார்க்கிறான், நான் அவன் பெட்டியைப் பார்க்கிறேன். பஞ்சாபிப் பையன், ஒரு நாளைக்கு 180 ஸ்டாப் என்றான். அவனுக்குச் சங்கமும் இல்லை, லீவும் இல்லை. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன், வேண்டாம், நேரம் ஓடுகிறது என்று நின்றபடியே பாதி குடித்துவிட்டு ஓடினான்.

வளையல் வீடு (பிராம்ப்டன்):
அண்ணா, என்னுடைய 43 உறையில் கொஞ்சம் உங்கள் பையிலும் போயிருக்கும். அக்டோபர் 11க்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்றி ஸ்ட்ரைக் என்று மாற்றினீர்களே, அது எனக்கு முழு ஸ்ட்ரைக்கை விட மோசமாக இருந்தது. முழுசாக நின்றால் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடலாம். இன்றைக்கு வின்னிபெக், நாளைக்கு எந்த ஊர் என்று தெரியாதபோது என்ன சொல்வது? "வரும், எப்போது என்று தெரியாது" என்று எழுதினால் ஏமாற்றுக்காரி என்று நினைக்கிறார்கள்.

நடைத்தபால்:
உண்மைதான் தங்கச்சி. எங்களுக்கே காலையில்தான் தெரியும்.

குடிமகன்_77:
செக் கொடுத்தது எனக்குத் தெரியாது. 400 டாலர் கோபம் அப்படியேதான் இருக்கிறது. 1981ல் 42 நாள் ஸ்ட்ரைக் செய்து சம்பளத்துடன் 17 வாரப் பிரசவ விடுப்பு வாங்கியவர்கள் இவர்கள்தான் என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்கிறாள். சொல்லிவிட்டேன்.

சலங்கை அம்மா (ஸ்கார்பரோ):
நடைத்தபால் அண்ணை, என் பார்சல் அடியில் கிடந்தது என்று இப்போதாவது தெரிந்ததே, நன்றி.

இந்த வருடமும் மகளுக்குச் சலங்கை வேண்டும், கால் வளர்ந்துவிட்டது. ஒப்பந்தம் எப்படி முடிந்தாலும் நான் தபாலை நம்பி இருக்கப் போவதில்லை. கூரியருக்குக் கேட்ட காசில் இன்னொரு சலங்கை வாங்கலாம். சின்ன மாமி சென்னையில் இருந்து 18ஆம் திகதி பிளேன் ஏறுகிறா. கேட்டேன். இரண்டு பெட்டியும் நிரம்பிவிட்டதாம், ஒன்றரைக் கிலோதான் தர முடியுமாம். சலங்கை ஜோடியே அதற்கு மேல் இருக்கும் போல. வலது காலுக்கு உள்ளதை மாமியிடம் கொடுத்து, இடது காலை யாரிடம் கொடுப்பது என்று ஆள் தேடிக்கொண்டு இருக்கிறேன். டிசம்பரில் சென்னையில் இருந்து வருகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.