ஓட்டலில் மகள் மேல் சாம்பார் கொட்டியது, யார் பொறுப்பு?

வடபழனி அம்மா: சர்வர் கையிலிருந்த சாம்பார் வாளி சரிந்து என் ஆறு வயது மகளுக்குத் தொடை வெந்துவிட்டது. முதலாளி ஐயாயிரம் ரூபாயோடு ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். சர்வர் சின்னப் பையன், அவன் மேல் கேஸ் போட மனம் வரவில்லை, ஓட்டல் மேல் மட்டும் போகலாமா?

பெரம்பூர் வக்கீல்: தாராளமாகப் போகலாம். வேலை நேரத்தில் ஊழியர் காட்டும் கவனக்குறைவுக்கு முதலாளிதான் பொறுப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, சாப்பிட்ட பில் தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள் அம்மா. சிசிடிவி பதிவு அழிவதற்குள் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி இன்றே ஸ்பீட் போஸ்ட்டில் ஓட்டலுக்குக் கடிதம் அனுப்புங்கள்.

அயனாவரம் நர்ஸ்: அக்கா, முதலில் பாப்பாவைப் பாருங்க. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம். என்ன நடந்தது என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள், புண்ணைத் தேதியோடு போட்டோ எடுங்கள்.

வடபழனி அம்மா: நன்றி. பில் இருக்கிறது. கடிதம் இன்றே அனுப்புகிறேன்.