மூடப்பட்ட கணக்கின் பழைய அறிக்கைகள்: உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். காலஞ்சென்ற என் தந்தையார் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வங்கியில் வைத்திருந்த சேமிப்புக் கணக்கு, அவர் மறைவுக்குப் பின் 2022இல் மூடப்பட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மனைக்கு 2012 முதல் 2014 வரை அக்கணக்கிலிருந்துதான் தவணை தவணையாகப் பணம் அனுப்பினார். விற்றவரின் பிள்ளைகள் இப்போது முழுத் தொகையும் வந்து சேரவில்லை என்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு சேமிப்புப் புத்தகம் மட்டுமே. அதிலும் மை மங்கிவிட்டதால், விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தால் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்ற ஒரே ஒரு வரியைத்தான் படிக்க முடிகிறது. அதன் ஓரத்தில் அப்பா பென்சிலால் ‘மனை’ என்று எழுதியிருக்கிறார்.

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எங்கள் தவணைகள் அதற்கும் மிக முந்தியவை என்றாலும், அது குறைந்தபட்ச வரம்புதானே என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். வங்கி முகப்பில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்றதோடு சரி, எழுத்துமூலம் பதில் தரவில்லை. கணக்கு எண், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் பெயரில் நீதிமன்றம் வழங்கிய சொத்து நிர்வாக ஆணை ஆகியவை கைவசம் உள்ளன.

இவ்வளவு பழைய அறிக்கைகளைக் கட்டணம் செலுத்தியாவது பெற்றவர்கள் இருந்தால், எந்தப் பிரிவுக்கு, எந்தெந்த ஆவணங்களுடன் எழுதினீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். பணம் போய்ச் சேர்ந்த இந்திய வங்கியிடம் அனுப்பியவரின் குடும்பம் விவரம் கேட்க இயலுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.