வின்ரரில் தெருக் குப்பை பொறுக்குவது சரிவருமா? (ஸ்காபரோ)

மக்கோவன்வாசி எழுதியது:

வணக்கம். நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மக்கோவன் வீதியும் ஸ்டீல்ஸ் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கிறோம். எங்கள் தெருவில் இருந்து பிளாசா வரை போகும் நடைபாதை, பஸ் தரிப்பு, பிளாசாவின் பின் வேலியோரம் எல்லாம் கோப்பிக் கப்பும் சுரண்டல் லொத்தரும் விளம்பரப் பிளையர் வந்த பிளாஸ்ரிக் பையுமாகக் கிடக்கிறது. ஏப்ரலில் நகரசபையின் பெரிய துப்புரவு வந்தால் எல்லோரும் வருவார்கள்தான், ஆனால் நவம்பரில் இருந்து அதுவரை ஒருவரும் குனிவதில்லை. தை (ஜனவரி) மாதம் இங்கே தமிழ் மரபுத் திங்கள் என்றபடியால் பொங்கல் முடிந்த சனிக்கிழமை ஐம்பது பேரைச் சேர்த்து, போஸ்ரர் அடித்து, பெரிதாகச் செய்வோம் என்று இவர் நிற்கிறார். ஸ்நோவுக்குள் எதைப் பொறுக்கப் போறியள் என்று மாமி சிரிக்கிறா. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பொறுக்கிய குப்பையைக் கடைசியில் எங்கே போடுவது? ஹைஸ்கூல் பிள்ளைகள் படிப்பை முடிக்கச் செய்ய வேண்டிய 40 மணித்தியாலத் தொண்டு வேலையில் இது சேருமா?

கிரீக்கரை:

மாமி சொல்வது பாதி சரி. ஜனவரி நடுவில் ஒரு திகதியைக் குறித்துவிட்டு இருந்தால் அன்றைக்கென்று ஸ்நோ கொட்டும், இல்லாவிட்டால் மைனஸ் பதினைந்தும் காற்றுமாக இருக்கும், ஐம்பது பேரில் நாலு பேர் வந்து படம் எடுத்துவிட்டு ரிம் ஹோர்டன்ஸ் கோப்பிக் கடைக்குப் போவார்கள். ஹைலண்ட் கிரீக் பக்கம் நாங்கள் செய்கிற விதம் வேறு. சில வீடுகள், ஒரு வாட்ஸ்அப் குழு, திகதியே கிடையாது. வின்ரர் நடுவிலும் இடைக்கிடை பூச்சியத்துக்கு மேலே ஏறி, ஸ்நோ வற்றி, புல் தெரிகிற நாட்கள் வரும். அப்படி ஒரு சனி ஞாயிறு வானிலையில் தெரிந்தால் வியாழன் இரவு யாராவது குழுவில் போடுவார்கள், முடிந்தவர்கள் வருவார்கள், ஒரு மணித்தியாலத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

மற்றப் பாதிக்கு வருகிறேன். ஸ்நோ இல்லாத நாளைப் பிடித்தால் சம்மரை விட வின்ரர்தான் வசதி. பற்றை எல்லாம் இலை உதிர்ந்து கிடப்பதால் வேலியோரத்தில் வருடக்கணக்காக ஒளிந்திருந்த போத்தல்கூடக் கண்ணில் படும். நுளம்பு இல்லை, பறவைகள் கூடு கட்டும் காலமும் இல்லை. ஆனால் பொய்சன் ஐவி என்கிற நச்சுக் கொடி இலை இல்லாமல் வெறும் தண்டாக நின்றாலும் பட்டால் சொறியும், அதனால் பற்றைக்குள் கையை விடாதீர்கள். இன்னொன்று, 4 பாகைக்கு மேலே ஏறினால் லைம் நோய் பரப்பும் கறுங்கால் உண்ணி வின்ரரிலும் வெளியே வரும், ரூஜ் பூங்காப் பக்கம் அது நிறைய. கால்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொண்டு போங்கள், வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்னால் பாருங்கள்.

ஏப்ரல் வரை காத்திருந்தால் என்ன என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். ஸ்நோ தள்ளுகிற வண்டி ஒருக்கால் மேலால் போனால் முழுக் கப்பாக இருந்தது பத்துத் துண்டாகிவிடும், போத்தல் மூடியும் ஸ்ரைரோபோமும் அரைபட்டு உப்புக்குள் கலந்துவிடும். அதெல்லாம் பிளாசா மூலையில் குவிக்கிற ஸ்நோ மலைக்குள் போய்க் கிடந்து, கரையும்போது ஒரேயடியாக வடிகாலுக்குள் இறங்கும். ஸ்காபரோவில் தெரு வடிகாலில் விழுகிற தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, கிரீக் (ஓடை) வழியாக ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. நாங்கள் குடிக்கிறதும் அதே ஏரித் தண்ணீரைத்தான். அதனால் ஆட்கள் குறைவென்றால் நடைபாதையை விட்டுவிட்டு வடிகால் வாய்களைச் சுற்றி மட்டும் செய்யுங்கள். சிகரெட் அடிக்கட்டையை ஒருவரும் குப்பையாகவே எண்ணுவதில்லை. பஞ்சு என்று நினைக்கிறார்கள், அது செலுலோஸ் அசிற்றேற், பிளாஸ்ரிக்தான். அதைப் பொறுக்கத்தான் பொறுமை வேணும்.

மதுரைக்காரன்_பிராம்ப்டன்:

தேதியே இல்லாமல் நடத்துவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே பழகிய கூட்டத்துக்குத்தான் சரிப்படும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் "வானிலை பார்த்துச் சொல்கிறோம்" என்றால் யாரும் வர மாட்டார்கள், நம்ம ஆட்கள் சனிக்கிழமை என்றால் ரெண்டு பிறந்தநாள் விழாவும் ஒரு டான்ஸ் கிளாஸும் வைத்திருப்பார்கள். முதல் தடவைக்கு ஒரு தேதியும், அது கெட்டால் அடுத்த வாரம் இன்னொரு தேதியும் சொல்லிவிடுங்கள். போஸ்டர் எல்லாம் வேண்டாம் அக்கா.

சாமான் விஷயம். பைக்குப் பதிலாக வாளி எடுங்கள். குளிரில் மெல்லிய பிளாஸ்டிக் பை விறைத்துக் கிழியும், காற்று வாயை மூடிவிடும், ஈரக் குப்பையோடு ஐஸும் சேர்ந்து தூக்க முடியாத கனமாகும். கேட்டரிங் செய்கிறவர்களிடம் ஊறுகாய் வந்த பெரிய வாளியைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், அடியில் நாலு ஓட்டை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். கைக்கு உள்ளே மெல்லிய கம்பளி, மேலே ஒரு சைஸ் பெரிய ரப்பர் கிளவுஸ். கடையில் விற்கிற பெரிய பனிக் கிளவுஸ் போட்டால் எதையும் பிடிக்க முடியாது, நனைந்தால் அவ்வளவுதான். குனியாமல் எடுக்கிற இடுக்கிக் குச்சி மலிவானது வாங்கினால் குளிரில் விசை உடைகிறது, கொஞ்சம் காசு போட்டு இரண்டு நல்லது வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தரையோடு உறைந்து கிடப்பதை இழுத்து மல்லுக்கட்டாதீர்கள், பாதி கிழிந்து கையோடு வரும், மீதி அங்கேயே கிடக்கும். காரில் இருக்கிற ஐஸ் சுரண்டியால் தட்டிப் பாருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. தெருவில் பறக்கிறது எல்லாம் கார்க்காரன் வீசியது இல்லை, ரீசைக்கிளிங் எடுக்கிற நாளுக்கு முந்தின இரவு தொட்டியை மூடி மூடாத அளவுக்கு நிரப்பி வைக்கிறோமே, காற்றடித்தால் அந்தத் தொட்டி கவிழ்ந்து வருவதும் உண்டு. காலையில் வெளியே வைத்தாலே கொஞ்சம் குறையும்.

கிங்ஸ்ரன்றோட்_அக்கா:

40 மணித்தியாலத்துக்கு: பள்ளிக்கூடச் சபைகள் ஒவ்வொன்றும் எது சேரும், எது சேராது என்று பட்டியல் வைத்திருக்கின்றன. செய்து முடித்துவிட்டுப் படிவத்தோடு போகாமல் முதலே வழிகாட்டல் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடப் போவது யார் என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் போட்டால் ஏற்க மாட்டார்கள்.

மில்லிகன் பார்க் உங்களுக்குக் கிட்டத்தானே, பிள்ளைகள் குளத்து ஐஸுக்கு மேலே கிடக்கிற போத்தலைக் கண்டுவிட்டு இறங்கப் பார்ப்பார்கள். விடவே கூடாது. மழைநீர் வந்து சேருகிற குளங்களில் உப்புத் தண்ணீரும் உள்ளே ஓட்டமும் இருப்பதால் ஐஸ் ஒரே தடிப்பாக இருக்காது, மேலே பார்க்கத் தெரியாது. ஊசி கண்டால் தொடாமல் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடியுங்கள், பழைய மெத்தை, ரயர் கொட்டிக் கிடந்தாலும் அதே 311தான், காவ வெளிக்கிட்டு இடுப்பை முறிக்காதீர்கள். பின்னேரம் வைக்கவும் வேண்டாம். டிசம்பரில் நாலே முக்காலளவில் சூரியன் போய்விடும், பஸ் தரிப்புப் பக்கம் கறுப்பு ஜாக்கெற்றோடு குனிந்து நிற்கிறவரைக் காரோடுகிறவருக்குத் தெரியாது.

கிரீக்கரை:

குப்பை எங்கே போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நகரசபையின் சின்னக் குப்பைப் பின்னில் (தொட்டியில்) ஒரு பைதான் போகும், அதையும் இரண்டு வாரத்துக்கு ஒருக்கால்தான் எடுப்பார்கள், கூட வைத்தால் பைக்கு ஒட்டுகிற ரக் என்கிற துண்டைக் காசு கொடுத்து வாங்க வேணும். ஆகவே யாருடைய பின்னில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அந்த அளவுக்குத்தான் பொறுக்குங்கள். கராஜில் வைத்தால் குளிருக்கு மணக்காது, ஆனால் கதவை இறுக்கிப் பூட்டுங்கள், ரக்கூனுக்குத் தெரிந்தால் விடியத் திரும்பவும் பொறுக்க வேண்டிவரும். ரீசைக்கிளிங் போடுகிற புளூ பின்னுக்குள் போட வேண்டாம், ஊத்தையும் ஈரமும் சேர்ந்தால் மற்றதையும் பழுதாக்கும். பியர் ரின்னைத் தனியே வையுங்கள், ஒன்றுக்குப் பத்துச் சதம் திரும்பக் கிடைக்கும். எங்கள் இரப்பர்க் கையுறை எல்லாம் அந்தக் காசில்தான் வாங்கியது.

மக்கோவன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இவரோடு கதைத்தாயிற்று, ஐம்பது பேர் கதை முடிந்தது. எங்கள் வரிசையில் இருக்கும் வீடுகள் மட்டும், ஒரு திகதியும் ஒரு மாற்றுத் திகதியும், பஸ் தரிப்பும் அதைச் சுற்றியுள்ள வடிகால்களும். பிளாசாவின் பின் வேலி தனியார் காணி என்பதால் அதைத் தொடலாமா என்று தெரியவில்லை.

கிரீக்கரை:

கேட்காமல் போகாதீர்கள். வாடகைக்கு இருக்கும் கடைக்காரரிடம் கேட்டு வேலையில்லை, பிளாசாவைப் பராமரிக்கிற கொம்பனியின் நம்பர் நுழைவாயில் பலகையில் இருக்கும். நாள், நேரம், எத்தனை பேர் என்று எழுதிக் கேளுங்கள், அதோடு பொறுக்கியதை அவர்களின் பெரிய குப்பைத் தொட்டியிலேயே போடலாமா என்றும் கேளுங்கள். எங்களுக்கு ஓம் என்றார்கள். அது கிடைத்தால் குப்பைப் பின் கணக்கு, ரக், ரக்கூன் ஒன்றும் உங்களுக்கு வேண்டாம்.