மருட்சி மறைந்ததும் ஓலன்சபினை நிறுத்தலாமா?

கேள்வி:
62 வயதுப் பெண். கடும் மனச்சோர்வு, கூடவே “குடல் அழுகிப்போச்சு, சாப்பிட்டா இறங்காது” என்ற மருட்சி, அதாவது இல்லாததை உறுதியாக நம்புவது. மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 150 மி.கி., மருட்சிக்கு ஓலன்சபின் 15 மி.கி. கொடுத்து மூன்று மாதத்தில் இரண்டுமே சரியாகிவிட்டன. இப்போது எடை ஏறுகிறது. செர்ட்ராலினை மட்டும் தொடர்ந்தால் போதாதா? வீட்டில் நிறுத்தச் சொல்லி நெருக்குகிறார்கள்.

பதில் 1:
அவசரப்படாதீர்கள். இதே கேள்வியை எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று 2019இல் வந்தது, ஸ்டாப்-பிடி 2. இந்த இரண்டு மருந்தில் குணமாகி, எட்டு வாரம் அப்படியே நிலைத்திருந்த 126 பேர். பாதிப்பேருக்கு இரண்டும் தொடர்ந்தன. மீதிப்பேருக்கு ஓலன்சபினை நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, அதற்குப் பதில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. 36 வாரத்துக்குள் நோய் திரும்பியது முதல் பிரிவில் சுமார் 20 சதவீதம், இரண்டாவதில் 55 சதவீதம். உங்கள் நோயாளி தேறியே கொஞ்ச நாள்தான் ஆகிறது. இப்போது கைவைக்கக் கூடாது என்பது என் கருத்து.

செர்ட்ராலினும் ஒப்புக்குக் கொடுப்பதல்ல. இதே தொடரில் 2009இல் வந்த முதல் ஆய்வில், 12 வாரத்தில் ஓலன்சபின் மட்டும் எடுத்தவர்களில் 24 சதவீதமும், இரண்டும் எடுத்தவர்களில் 42 சதவீதமும் குணமானார்கள்.

பதில் 2:
ஆனாலும் எடையை அலட்சியப்படுத்த முடியாது. முதல் மூன்று மாதம் மாதந்தோறும் எடை பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் மாதம் வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, கூடவே ரத்த அழுத்தம். விடுபட்டிருந்தால் இந்த வாரமே பாருங்கள். ஏறியிருந்தால் அளவைக் குறைப்பதா, எடை அதிகம் ஏற்றாத வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று மனநல மருத்துவரிடம் கேளுங்கள். செர்ட்ராலினை இந்த வயதில் எடுப்பவருக்கு சோடியமும் குறையலாம், சிறுநீரைக் கூட்டும் தண்ணீர் மாத்திரை சாப்பிடுபவரானால் இன்னும் அதிகமாக. புதிதாகத் தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால் வயது என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் சோடியம் பாருங்கள்.

புகைப்பவர்களுக்கு ஒரு சேதி: சிகரெட் புகையால் உடல் ஓலன்சபினை வேகமாகச் சிதைத்துவிடும். திடீரென்று புகைப்பதை விட்டால் அதே 15 மி.கி. ரத்தத்தில் கூடி, ஆள் பகலெல்லாம் தூங்கி விழுவார்.

பதில் 3:
பின்னாளில் மருத்துவர் குறைக்கும்போது வீட்டார் கவனிக்க வேண்டியது: தட்டில் சோறு மிஞ்சுவது, விடியற்காலை விழிப்பு, “எல்லாருக்கும் பாரமா இருக்கேன்” என்ற பேச்சு. மருட்சியைப் பலர் வெளியே சொல்ல மாட்டார்கள். “வயித்துல ஏதாவது கெட்டுப்போன மாதிரி தோணுதாம்மா?” என்று நேராகவே கேளுங்கள். சாப்பாடு, தண்ணீரை மறுத்தாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவமனை. அந்தக் கட்டத்தில் மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்னதிர்வு சிகிச்சை அதைவிட வேகமாகப் பலன் தரும், பயப்பட வேண்டாம்.