ஜே.ஆரைச் சுடுற எபிசோடு எது?

கதிர்: அத்தை, ‘டல்லாஸ்’ங்கிற பழைய அமெரிக்க சீரியல்ல எண்ணெய் முதலாளி ஜே.ஆரைச் சுடுற எபிசோடு எந்த சீசன்? ஒரு இடத்துல 2னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 3னு.

சுந்தரி அத்தை: ரெண்டும் ஒண்ணுதான்டா. 1978 ஏப்ரல்ல முதல்ல வந்தது 5 எபிசோடு மட்டும். அதைத் தனி சீசனா எண்ணினா இது 3, இல்லாட்டி 2. டிவிடில 3னு தேடு. அந்த சீசனோட கடைசி எபிசோடு. ஒளிபரப்பானது 1980 மார்ச் 21.

மணி சித்தப்பா: நேரா கடைசிக் காட்சிக்கு ஓட்டிடாதே. ராத்திரி, ஆபீஸ், ரெண்டு குண்டு, ஆள் விழறார். அவ்வளவுதான் அது. எபிசோடே அதுக்கு முன்னாடிதான் இருக்கு.

கதிர்: ஆசியக் கிணறு விவகாரம் எனக்குப் பிடிபடல சித்தப்பா

மணி சித்தப்பா: ஆசியாவுல எண்ணெய் தோண்ட ஜே.ஆர் சவுத்ஃபோர்க் பண்ணையையே அடமானம் வச்சவர். எண்ணெயும் வந்துச்சு. ஆனா அந்த நாட்டு அரசாங்கம் கிணறுகளை எடுத்துக்கப் போகுதுன்னு அவருக்கு முன்னாடியே தகவல் கிடைச்சிருது. வாயைத் திறக்காம பெரும் பங்கை டல்லாஸ் எண்ணெய் முதலாளிங்க தலையிலயும் பேங்கர் வான் லீலண்ட் தலையிலயும் கட்டிடறார். கிணறு நாட்டுடைமை ஆனதும் அத்தனை பேரும் காலி. சேத் ஸ்டோன் தற்கொலையே பண்ணிக்கிறார்.

லதா அண்ணி: அது ஊர்ப் பகை. வீட்டுப் பகைக்கு ‘யூயிங் 23’ எண்ணெய் வயலைக் கவனிங்க. ஜே.ஆரோட அப்பா ஜாக், பழைய கூட்டாளி டிக்கர் பார்ன்ஸுக்கு அதுல பங்கு எழுதிக் கொடுத்திருக்கார். அந்தக் காகிதம் டிக்கர் மகன் கிளிஃப் கையில கிடைக்குது. ஜே.ஆர் வழக்குக்கெல்லாம் போகல, கிணறையே மூடிடறார். எண்ணெய் வந்தாத்தானே பங்கு!

லதா அண்ணி: கிளிஃப்போட தங்கச்சி பாம்தான் இந்த வீட்டுச் சின்ன மருமக. அதனால அந்த அடி தம்பி பாபி மேலயும் விழுது. பாமைக் கூட்டிக்கிட்டு அவர் வீட்டை விட்டே கிளம்பிடறார்.

சுந்தரி அத்தை: சூ எலனை விட்டுட்டியே லதா. ஜே.ஆர் தன் பொண்டாட்டியை மறுபடியும் மனநலக் காப்பகத்துல தள்ளப் பார்க்கிறான். அவ தங்கச்சி கிறிஸ்டினை, ஊரை விட்டுப் போகலைன்னா பொய் வழக்குல மாட்டிவிடுவேன்னு மிரட்டறான். ஜே.ஆருக்கு வேலை செஞ்ச வக்கீல் ஆலன் பீமுக்கும் அதே கதிதான்.

மணி சித்தப்பா: அதேதான் அக்கா. சுட்டவங்க முகத்தைக் காட்டல, ஆனா சுடறதுக்கான காரணத்தை ஒவ்வொருத்தர் மேலயும் முன்கூட்டியே ஏத்தி வச்சிட்டாங்க. ஒரு காரணம்கூட வெளியிலிருந்து வந்ததில்ல. எல்லாமே ஜே.ஆர் கையால செஞ்சது. இப்ப வர்ற சீரியல்ல கடைசி நிமிஷம் புதுசா ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தறாங்க பாரு, அதான் நம்ம மனசுல ஒட்ட மாட்டேங்குது.

கதிர்: சரி, பதில் அடுத்த எபிசோடுலயே வந்துருமா?

லதா அண்ணி: இல்ல. அடுத்த சீசன்ல 4வது எபிசோடு, 1980 நவம்பர் 21. சரியா 8 மாசம். நடுவுல நடிகர் சங்க வேலைநிறுத்தம் வந்து படப்பிடிப்பே தள்ளிப்போச்சு. அந்த 3 எபிசோடையும் தாண்டாம பாருங்க, போலீஸ் யாரைப் பிடிக்குது, ஏன் பிடிக்குதுன்னு அதுலதான் இருக்கு.

மணி சித்தப்பா: ரகசியம் வெளிய போயிடக்கூடாதுன்னு வேற வேற நடிகருங்க சுடற மாதிரியும் எடுத்து வச்சாங்க. பதில் வந்த அன்னிக்கு அமெரிக்காவுல ஓடிக்கிட்டிருந்த டிவியில 100க்கு 76 இதைத்தான் காட்டிக்கிட்டிருந்துச்சு. பார்த்தவங்க சுமார் 8 கோடிப் பேர்.

கதிர்: யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க!!

சுந்தரி அத்தை: சொல்லல. சூ எலன் கையில துப்பாக்கி வர்ற இடத்துலேருந்து கவனி. அதுக்கப்புறம் அது யார் வீட்டுக்குப் போகுது, எங்க திரும்பி வருதுன்னு பாரு. சப்டைட்டில் போட்டுக்கோ, டெக்சாஸ் பேச்சு சட்டுனு காதுல ஏறாது.