முழங்கால் குத்தினாத்தான் காஸ்பிளே போட்டோவா?

ஊர்க்கமரா:
காஸ்பிளே, அதான் கதைப் பாத்திரம் மாதிரி உடுப்புப் போட்டு வேசம் கட்டி நிக்கிறது, அதப் படம் எடுக்கிறதப் பத்தி நேத்து மின்னல்வாள் எண்டவர் இஞ்ச ஒரு வரி எழுதியிருக்கார். "காஸ்பிளே படம் எப்பயும் முழங்கால் குத்தித்தான் எடுக்கணும், நிண்டு எடுக்கிறவன் கலியாண வீட்டுப் படக்காரன்" எண்டு. ராவு முழுக்க அந்த வரிதான் மண்டைக்குள்ள சுத்தினது. ஓம், நான் கலியாண வீட்டுப் படக்காரன்தான், களுவாஞ்சிகுடியில இருந்து பொத்துவில் மட்டும் 18 வருசமாப் படம் எடுக்கிறன், அதுல என்ன குறை? முழங்கால் குத்தி, கமராவோட வாற கிட் லென்ஸ 18 எம்எம்ல, அதான் அகலப் பார்வையில வச்சி, ஆளுக்கு கிட்டப் போய் எடுத்துப் பாருங்க, சப்பாத்து தோணி மாதிரியும் தலை குரும்பட்டி மாதிரியும் வரும். கிட்ட இருக்கிறது பெருக்கும், தூர இருக்கிறது சிறுக்கும். அது லென்ஸ்ட பிழையில்ல, நீங்க நிக்கிற தூரத்துட கணக்கு. நெஞ்சு உயரத்துல கமராவப் பிடிச்சி, நாலஞ்சு மீற்றர் பின்னால போய், தூரத்தக் கிட்டக் காட்டிற 85 எம்எம்ல எடுங்க. ஆள் ஆளாத் தெரியும்.

மின்னல்வாள்:
அண்ணன் கோபப்படாதீங்க, ஆனா நான் சொன்னது சொன்னதுதான். வாள் தூக்கி நிக்கிற வீரன நெஞ்சு உயரத்துல எடுத்தா அடையாள அட்டைப் படம் மாதிரித்தான் இருக்கும். கீழ இருந்து எடுத்தா ஆளுக்கு உயரம் வரும், பின்னால வானம் மட்டும் நிக்கும். மட்டக்களப்புக் கல்லடி பீச்சில ஓட்டோவும் கடலை வண்டியும் குப்பைத் தொட்டியும் பின்னால நிக்கிறத வேற எப்பிடி மறைக்கிற? முழங்கால்தான்.

ஊதாவிக்:
நீங்க ரெண்டு பேரும் எடுத்துப்போட்டு இப்ப சண்டை பிடிக்கிறீங்களே, அந்தப் படத்துல வேசம் கட்டி நிண்டது நான். என்னட்ட ஆராவது கேட்டீங்களா? கீழ இருந்து எடுத்ததால விக்குக்கு அடியில வலைத்தொப்பி தெரியுது, மூக்கோட்டை தெரியுது. நெஞ்சுக் கவசம் யோகா பாய வெட்டி, சூடுகாத்து ஊதிற துவக்கால வளைச்சி, மூணு கிழமை இருந்து ஒட்டினது, அதுட அடிப்பொருத்து அப்பிடியே வெளிய கிடக்கு. நாடிய முன்னுக்கு நீட்டி கொஞ்சம் கீழ இறக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா கழுத்தாவது ஒழுங்கா வந்திருக்கும்.

ஊர்க்கமரா:
அப்பிடிச் சொல்லு புள்ள! நிக்கிற மாதிரிய முதல்ல பாக்கணும், கமரா மறுகாத்தான். பாரத்த பின்காலுக்குக் குடு, முழங்கைய உடம்போட ஒட்டாத, இடையில வெளிச்சம் தெரியணும், அப்பதான் கவசம் போட்ட உடம்பு ஒரே கட்டியா வராது. வாளப் பிடிக்கிற விரல் இறுகி இருக்கணும், பூமாலை பிடிக்கிற கையால வாள் பிடிச்சா ஆரு நம்புவா?

கல்முனையான்:
மச்சான் நான் முழங்காலுக்கு வரல்ல. மின்னல்வாள் அதே பதிவுல "கல்லடியில சூரியன் கடலுக்குள்ள இறங்கக்குள்ள எடுங்க, ஆள் நிழலுருவமா வரும்" எண்டும் எழுதியிரிக்கார். எங்கட கிழக்குக் கரையில சூரியன் கடலால வாற, வாவிப் பக்கம்தான் விழுற. பின்னேரம் கடலப் பின்னால வச்சா முகத்துல நேர வெளிச்சம் அடிக்கும், இவர் சொல்லுற நிழலுருவம் எங்கால வாற? அதுக்கு வெள்ளன ஆறு மணிக்குப் போகணும்.

மின்னல்வாள்:
கை தவறி எழுதின. வாவியெண்டு வாசிங்க. கல்முனைக்காரர் எங்கட பீச்சப் பத்திக் கவலப்படத் தேவல்ல.

கல்முனையான்:
எங்களுக்கும் கடல் இரிக்கி, கடலை வண்டியும் இரிக்கி. உங்கட பீச்ச நீங்களே வச்சிக்கங்க.

வட்டக்களரி:
பெரியவன் ஒருவன் சொல்லுறன். உடுப்பு, முடி, ஆயுதம் எல்லாம் வச்சி வேசம் கட்டிறது மட்டக்களப்புக்குப் புதுசில்ல. வடமோடிக் கூத்துல கரப்புடுப்பு, அதான் கரப்பு மாதிரி வட்டமா விரிஞ்ச உடுப்பு, கட்டி நிக்கிற ராசாவ நாங்க நிலத்துல பாய் விரிச்சி இருந்து, அண்ணாந்துதான் பாத்தம். அந்தப் பார்வையிலதான் ராசா ராசாவாத் தெரிஞ்ச. அந்தக் கணக்குல மின்னல்வாள் பொடியன் சொல்லுறது சரி.

ஊர்க்கமரா:
ஐயா, கூத்த மதிக்கிறன், என்ட பெரியப்பாவும் ஆடினவர். ஆனா பாயில இருந்தவர் கூத்தாடுற களரியில இருந்து எட்டிப் பத்தடி தள்ளித்தான் இருந்தார், சப்பாத்துக்குக் கீழ படுக்கல்ல. தூரம், ஐயா, தூரம்!

தேடல்:
ஒரு விளக்கம். காஸ்டியூம், பிளே ரெண்டையும் சேத்து இந்தச் சொல்ல 1980களில உண்டாக்கினவர் ஜப்பான்காரர் நொபுயுகி தகஹாஷி. அதுக்கு முதலே, 1939ல, நியூயோர்க்கில நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அமெரிக்க ரசிகர்கள் அக்கர்மனும் மொரோஜோவும் எதிர்கால உடுப்போட போனவங்க. கூத்துல கதையை ஆடிறாங்க, இதுல பாத்திரமா நிக்கிறாங்க. முதல்ல எது காஸ்பிளே எண்டு பேசி முடிச்சா...

மின்னல்வாள்:
அதுல முழங்கால் எங்க வருது?

ஊர்க்கமரா:
நானும் அதத்தான் கேக்கிறன். இன்னொண்டும் சொல்லணும். காந்திப் பூங்காவில நான் எடுத்த படத்துல என்ட பேர வெட்டிப்போட்டு தன்ட பக்கத்துல போட்டவர் ஆரெண்டு எனக்குத் தெரியும். அது நிண்டு எடுத்த படம். முன்னூறு லைக் வாங்கக்குள்ள நிண்டு எடுத்தது பிழையாத் தெரியல்லயாக்கும்.

மின்னல்வாள்:
பேர வெட்டல்ல, சதுரமாக்கக்குள்ள போயிட்டு. ஆயிரம் தரம் சொல்லிட்டன்.

ஊர்க்கமரா:
சதுரம்! சரி, அத விடு. அந்தப் பூங்காப் படம் ஏன் நல்லா வந்த எண்டு சொல்லுறன் கேளு. சித்திரை வருசத்தோட உச்சி வெயில் நேரா தலைக்கு மேல நிக்கிற, விக்குட முன்மயிர் நிழல் கண்ணுக்குள்ள விழுந்து கண் ரெண்டும் குழியாப் போகும். நான் மீன் பெட்டிட வெள்ளை ரெஜிபோம் மூடிய நெஞ்சுக்குக் கீழ பிடிக்கச் சொன்னன், வெளிச்சம் தெறிச்சி முகத்துக்கு ஏறின. கண்ணுக்குள்ள ரெண்டு வெள்ளைப் புள்ளி நிண்ட. போர்வைய ஒரு பொடியன் பின்னால இருந்து வீசிப்போட்டு ஓடினான், சட்டர் வேகம் ஒரு செக்கன்ட ஐந்நூறுல ஒரு பங்கு, பதினாலாவது தரம்தான் சரிவந்த. இவ்வளவும் நிண்டபடி. முழங்கால் மண்ணில படவே இல்ல.

மின்னல்வாள்:
குந்தியிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்.

கல்முனையான்:
ரெண்டு பேருக்கும் நடுவில இடுப்புயரத்துல எடுத்தா என்ன?

ஊர்க்கமரா:
இடுப்புயரம் எண்டு நான் எங்க சொன்ன? நெஞ்சுயரம். வாசிச்சிட்டு வாங்க.

மின்னல்வாள்:
முழங்கால்.

ஊதாவிக்:
பாலமீன்மடுவில வெளிச்ச வீட்டுக்குப் பக்கத்துல வேர்த்து ஊத்த ஊத்த மூணு மணித்தியாலம் நிண்டன், விக்குக்குள்ள தலை அவிஞ்சி போச்சு. ரெண்டு பேரும் மாறி மாறி எடுத்தீங்க, கையில கிடைச்சது நாலே நாலு படம். நிண்டு எடுத்ததோ இருந்து எடுத்ததோ, மிச்சத்த அனுப்புங்க.

ஊர்க்கமரா:
என்ட பங்கு இண்டைக்கே அனுப்பலாம் புள்ள. முதல்ல அவர் அந்தக் கலியாண வீட்டு வரிய அழிக்கட்டும்.

மின்னல்வாள்:
அழிக்க மாட்டன்.